ஓரணாச் சிற்றுண்டியும் உயர்நிலைப் பள்ளியும்

(எண்ணூரில் தோழர்கள் கூட்டிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை. ஞாயிறு ஏட்டைக் கையிலெடுத்திருக்கும் உங்களுக்காக எழுத்தில் தருகிறேன்.)



மாநகர் என்று எதைச் சொல்கிறோம்? மாடங்கள் உயர்ந்திருந்தால் மாநகரா? மரக்கலங்கள் வந்து நின்றால் மாநகரா? கோட்டை இருக்கிறது, கொத்தளம் இருக்கிறது, 1856-ஆம் ஆண்டிலேயே இராயபுரத்திலிருந்து இரயில் ஓடியது என்று பட்டியல் போட்டால் அது மாநகர் ஆகிவிடுமா? பட்டியல் பொய்யல்ல, பெருமையும் பொய்யல்ல. ஆனால் நான் வேறோர் அளவுகோலைக் கையில் வைத்திருக்கிறேன். அந்த நகரத்திலே, கையில் காசில்லாதவன் வீட்டுப் பிள்ளை, எவர் சிபாரிசும் இல்லாமல், எவர் காலிலும் விழாமல், எந்தப் பள்ளியின் வாசலில் நுழைய முடிகிறது? நுழைந்தபின் எந்தப் படி வரை ஏற முடிகிறது? இதுதான் என் அளவுகோல். இந்தக் கோலை வைத்து அளந்தால் பல மாநகரங்கள் குக்கிராமமாகச் சுருங்கும். சில சிற்றூர்கள் மாநகராக நிமிரும்.

நமது சென்னையை அளந்து பார்ப்போமே!

சென்னை மாநகராட்சி 1688-ஆம் ஆண்டிலே பிறந்தது. ஆசியாவிலேயே மூத்த மாநகராட்சி என்று அதனைப் போற்றுகிறார்கள், போற்றட்டும். ஆனால் அந்த மூத்த மாநகராட்சி, பசித்த பிள்ளைக்கு ஒருவேளை உணவு கொடுத்துப் பள்ளியில் உட்கார வைப்போம் என்று தீர்மானம் போட்டது எந்த ஆண்டு தெரியுமா? 1920! பிறந்து 232 ஆண்டுகள் கழிந்த பிறகு! தெருவிளக்கைப் பற்றிப் பேசினார்கள், தண்ணீரைப் பற்றிப் பேசினார்கள், சாக்கடையைப் பற்றிப் பேசினார்கள். பிள்ளையின் வயிற்றைப் பற்றிப் பேச இருநூற்று முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆயின.

பொதுப்பள்ளியின் வரலாற்றை மூன்றே சொல்லில் சொல்லலாம்: வாசல், வட்டில், ஏணி. முதலில் வாசலுக்காகப் போராட வேண்டியிருந்தது. உள்ளே வருபவன் எந்தச் சாதி என்ற கேள்வி அங்கே நின்றது. அடுத்து வட்டிலுக்காகப் போராட வேண்டியிருந்தது. பசித்த வயிற்றில் பாடம் இறங்காது என்று சொல்லவும் ஓர் ஆள் வேண்டியிருந்தது. மூன்றாவது ஏணி. ஆனா ஆவன்னாவோடு இறக்கிவிடாமல் உயர்நிலைப் பள்ளி வரை ஏற்றிச் செல்லும் ஏணி. அந்த மூன்றாவது போராட்டம் இன்னும் முடியவில்லை. எண்ணூரிலே முடியவில்லை என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

வாசல்

1839-ஆம் ஆண்டிலே சென்னை மக்கள் 70,000 பேர் கையெழுத்திட்டு, உயர்கல்வி வேண்டும் என்று ஆளுநர் எல்பின்ஸ்டன் பிரபுவிடம் விண்ணப்பம் கொடுத்தார்கள். கூட்டமும் கொடியும் பழகாத காலத்தில் எழுபதாயிரம் கையெழுத்து! அதன் விளைவாக 1841-இல் 'சென்னைப் பல்கலைக்கழக உயர்நிலைப் பள்ளி' என்ற பெயரில் ஒரு பள்ளி திறக்கப்பட்டது. பிற்காலத்தில் மாநிலக் கல்லூரியாக வளர்ந்தது அதுதான். மறு ஆண்டே, 1842-இல், வள்ளல் பச்சையப்பரின் அறக்கட்டளைப் பணத்தில் இன்னொரு கல்விக்கூடம் எழுந்தது. நல்ல தொடக்கம்தான், மறுக்கவில்லை.

ஆனால் அந்த வாசலில் நின்றது யார்? கட்டணம் கட்ட வகையுள்ளவன் வீட்டுப் பிள்ளை. உப்பளத்தில் உப்பு வாரியவன் பிள்ளை அங்கே நின்றானா? கட்டுமரம் தள்ளியவன் பிள்ளை நின்றானா? சேரியிலே பிறந்தவன் நின்றானா?

நின்று பார்த்தான் தோழர்களே! 1837-இல் ஜான் ஆண்டர்சன் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் சென்னையில் ஒரு பள்ளி நடத்தினார். மறு ஆண்டிலே, ஆதித்திராவிடப் பிள்ளைகள் சிலர் அங்கே சேர்ந்து படிப்பது வெளியில் தெரிந்தது. உடனே உயர்சாதிப் பெற்றோர் திரண்டனர். அவர்களை வெளியேற்று, அல்லது எங்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போகிறோம் என்றனர். பாதிரியார் அசையவில்லை. பெற்றோரும் அசையவில்லை, பிள்ளைகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியேறினார்கள். பலகை ஒன்று, பாடம் ஒன்று, ஆசிரியர் ஒருவர். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் மட்டும் ஆகாதாம்! அறிவு தேடி வந்தவர்கள், அண்டை வீட்டான் பிள்ளைக்கும் அறிவு கிடைக்கிறதே என்று அஞ்சி ஓடினார்கள்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய நோய் என்று எண்ணிவிடாதீர்கள். கடல் கடந்து அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்கு வாருங்கள். அமெரிக்காவில் மக்கள் வரிப்பணத்தில் நடந்த முதல் உயர்நிலைப் பள்ளியை 1821-இலேயே திறந்த நகரம் அது. சுதந்திரத்தின் தொட்டில் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் நகரம். அந்த நகரத்தில் சாரா ராபர்ட்ஸ் என்று ஒரு கறுப்பினச் சிறுமி இருந்தாள், ஐந்து வயது. தன் வீட்டிலிருந்து கறுப்புப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய பள்ளிக்குப் போகும் வழியில், வெள்ளைப் பிள்ளைகளின் பள்ளிகள் ஐந்தை அந்தக் குழந்தை கடந்து நடக்க வேண்டும். ஐந்து வயதுக் குழந்தை, ஐந்து மூடிய வாசல்! அவள் தந்தை வழக்குத் தொடுத்தார். 1849-இல் நீதிமன்றத்தில் சார்லஸ் சம்னர் வாதாடினார். வழக்கு தோற்றது. ஆனால் வாதம் தோற்கவில்லை. 1855-இல் மாசச்சூசெட்ஸ் சட்டமன்றமே, பொதுப்பள்ளியில் நிறத்தைக் காட்டிப் பிள்ளையைத் தடுக்கலாகாது என்று சட்டம் செய்தது. அமெரிக்க நாடு முழுமைக்கும் அந்த நீதியை உச்ச நீதிமன்றம் சொல்ல இன்னும் ஒரு நூற்றாண்டு ஆயிற்று; 1954 மே மாதத்தில்தான் சொன்னது.

நமக்கு அந்த வாசலைத் திறந்தவர்கள் யார்? 1893-இல் ஒடுக்கப்பட்டோர் கல்விக்கெனச் சென்னை அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. மறு ஆண்டு, 1894-இல், அயோத்திதாசப் பண்டிதர் போன்றோர் தூண்டுதலால், கர்னல் ஆல்காட் ஊரூர்க் குப்பத்தருகே தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்கென இலவசப் பள்ளியைத் தொடங்கினார். தொடர்ந்து நகரத்தில் மேலும் சில பள்ளிகள் எழுந்தன. கட்டணம் இல்லை, சாதி கேட்பார் இல்லை. வாசல் கொஞ்சம் திறந்தது. திறந்த வாசலில் வந்து நின்ற பிள்ளையைப் பார்த்தால், கண்ணில் பசி!

வட்டில்

இப்போது வடசென்னைக்கு வாருங்கள். பழைய வண்ணாரப்பேட்டையிலே வாழ்ந்தார் ஒரு பெரியவர். நெசவாளர் குலத்தில் வந்தவர். சர். பிட்டி தியாகராயர்! நீதிக்கட்சியை நிறுவியவர்களுள் ஒருவர் என்று அவரை அறிவீர்கள். 1920-இல் முதலமைச்சர் நாற்காலி தேடி வந்தபோது வேண்டாம் என்று விலகியவர் என்றும் அறிவீர்கள். நான் சொல்ல வந்தது, மாநகராட்சித் தலைவர் நாற்காலியில் அமர்ந்து அவர் செய்த ஒரு காரியத்தை.

1920 செப்டம்பர் 16. மாநகராட்சி மன்றம் கூடியது. ஆயிரம் விளக்கிலுள்ள மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பகலில் சிற்றுண்டி வழங்குவது, செலவு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாமல் பார்த்துக்கொள்வது என்று தீர்மானம் நிறைவேறியது. ஓரணா! ரூபாயில் பதினாறில் ஒரு பங்கு! அந்த ஓரணாவுக்குள்தான் இன்று இந்திய நாடெங்கும் கோடிக்கணக்கான பிள்ளைகள் உண்ணும் பகலுணவின் விதை ஒளிந்திருந்தது. ஆயிரம் விளக்கில் ஏற்றியது ஒரே ஒரு விளக்கு. அது வெளிச்சம் தந்த வீடுகளுக்கோ கணக்கில்லை.

பின்னர் மேலும் நான்கு பள்ளிகளுக்கு அது விரிந்தது. விளைவு என்ன? பேச்சாளன் சொல்லை நம்பவேண்டாம், புள்ளியைப் பாருங்கள். அந்தப் பள்ளிகளில் 1922-23-இல் படித்த பிள்ளைகள் 811 பேர். 1924-25-இல் 1,671 பேர். இரண்டே ஆண்டில் இரு மடங்குக்கு மேல்! ஏழைக்குப் படிப்பில் நாட்டமில்லை என்று திண்ணையில் அமர்ந்து தீர்ப்புச் சொன்னார்களே, அவர்களுக்கெல்லாம் ஓரணா பதில் சொல்லிவிட்டது.

அடுத்து நடந்தது என்ன? 1925 ஏப்ரல் முதல் நாளோடு திட்டம் நிறுத்தப்பட்டது! தொடக்கக் கல்விக்கென ஒதுக்கிய நிதியிலிருந்து சிற்றுண்டிக்குச் செலவிடக் கூடாது என்று அரசு தடுத்தது. எழுத்துக்கு நிதி உண்டாம். எழுத வரும் பிள்ளையின் வயிற்றுக்கு நிதி இல்லையாம்! பலகை வாங்கலாம், பழையசோறு வாங்கலாகாது என்று கணக்கு விதி பேசியது. தியாகராயர் மறைந்ததும் அதே 1925-ஆம் ஆண்டிலேதான்.

இந்த இடத்தில் ஒன்றை மறைத்துப் பேச என் மனம் ஒப்பவில்லை. அந்த 1925-இல் மாகாண ஆட்சியில் இருந்தது யார்? பனகல் அரசர் தலைமையில் நீதிக்கட்சியின் அமைச்சரவை! நம் முன்னோடிகள் ஆட்சியில் அமர்ந்திருந்தபோதே, நம் முன்னோடி இட்ட வட்டில் எடுக்கப்பட்டது. இரட்டையாட்சியில் அமைச்சர்களின் கை பாதி கட்டப்பட்டிருந்தது என்று சமாதானம் சொல்லலாம். அதில் உண்மையும் உண்டு. ஆனால் பாடம் வேறு. ஆட்சி நம்முடையது, ஆகவே பள்ளி பத்திரமாக இருக்கும் என்று கண்ணை மூடினால், வட்டில் காணாமற்போகும். காவல் வேண்டியது கோட்டையில் மட்டுமல்ல. குப்பத்துப் பள்ளியின் அடுப்பங்கரையிலும்தான்.

வெற்றி பெற்றதற்காகவே ஒன்றை மூடிவிடும் விந்தையை பாஸ்டன் நகரமும் செய்திருக்கிறது. ஆண்பிள்ளைகளுக்கு உயர்நிலைப் பள்ளி திறந்தவர்கள், 1826-இல் பெண்களுக்கும் ஒன்று திறந்தார்கள். இரண்டே ஆண்டில், 1828-இல், மூடிவிட்டார்கள். பெண்கள் வரவில்லை என்றா? இல்லை! அளவுக்கு மீறி வருகிறார்கள், செலவு கட்டாது என்று! பசிக்கிறது என்று பலபேர் வந்துவிட்டதால் பந்தியைக் கலைத்த கதை இது.

ஆனால் சென்னையில் பந்தி மீண்டும் விரிந்தது. சிங்காரவேலர், 1923-இல் சென்னைக் கடற்கரையில் மே நாள் கொண்டாடிய அந்தச் செம்மல், 1925 முதல் மாநகராட்சி மன்றத்தில் உறுப்பினராக இருந்து ஏழைப் பிள்ளைகளின் பகலுணவுக்காகக் குரல் கொடுத்தார். மீனவர் குடியில் பிறந்தவர்க்குப் பிள்ளைப் பசி தெரியாதா? 1927-இல் 25 பள்ளிகளில் ஆயிரம் ஏழைப் பிள்ளைகளுக்கு உணவு மீண்டும் வந்தது. 1956-இல் காமராசர் அதை நாடெங்கும் கொண்டுசென்றார். 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தார். 1989-இல் கலைஞர் ஆட்சியில் முட்டை சேர்ந்தது. 2022 செப்டம்பரில் காலை உணவும் வந்தது. கட்சிக் கணக்கு வேறு, வரலாற்றுக் கணக்கு வேறு. பிள்ளையின் வட்டிலில் எவர் எதை இட்டாலும் அதை எழுதி வைக்கும் நேர்மை நமக்கு வேண்டும்.

யார் வீட்டுப் பணம்?

இதையெல்லாம் கேட்டுவிட்டுச் சிலர் முணுமுணுப்பார்கள். "எல்லாம் இலவசம், எல்லாம் சலுகை, பணம் யார் வீட்டுப் பணம்?" என்பார்கள். நல்ல கேள்வி! பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் கலமசூ என்றோர் ஊர். அங்கேயும் இதே முணுமுணுப்பு எழுந்தது. தொடக்கப் பள்ளி வரை ஊர்ப் பணம் சரி. உயர்நிலைப் பள்ளி என்பது வசதியுள்ளவன் தேடிக்கொள்ளும் அணிகலன். அதற்கு எங்கள் வரியைத் தொடாதே என்று சில சொத்துக்காரர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1874-இல் அம்மாநிலத்தின் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி கூலி தீர்ப்பளித்தார். உயர்நிலைப் பள்ளியும் பொதுக்கல்வியின் பகுதியே. அதற்கு மக்கள் விரும்பி வரி விதித்துக்கொள்ளத் தடையில்லை! ஊரின் பெயர் சிறியது; தீர்ப்பு பெரியது. அந்தத் தீர்ப்பைப் பற்றிக்கொண்டு பிற மாநிலங்களிலும் பொது உயர்நிலைப் பள்ளிகள் பெருகின.

நம் நாட்டில்? அதே ஓரணாத் தீர்மானம் பிறந்த 1920-ஆம் ஆண்டில்தான் சென்னை மாகாணத் தொடக்கக் கல்விச் சட்டமும் வந்தது. கல்விக்கென உள்ளாட்சிகள் வரி விதிக்கலாம் என்றது அச்சட்டம். இன்றும் உங்கள் வீட்டுச் சொத்து வரியில் கல்வி வரி என்று ஒரு பங்கு இருக்கிறது. ரசீதை எடுத்துப் பாருங்கள்! எண்ணூரில் ஓட்டு வீட்டுக்காரன் கட்டுகிறான். கூலிக்குக் குடியிருப்பவன் வாடகையின் வழியாகக் கட்டுகிறான். ஆகவே மாநகராட்சிப் பள்ளி எவர் போட்ட பிச்சையும் அல்ல. நீங்கள் கட்டிய பணம். உங்கள் பிள்ளையின் பலகை. தன் பணத்தில் கட்டிய வீட்டுக்குள் தயங்கித் தயங்கி நுழைபவனை என்னென்பது?

ஏணி

வாசல் கண்டோம், வட்டில் கண்டோம். ஏணிக்கு வருவோம்.

நெடுங்காலம் உள்ளாட்சிகளின் கடமை தொடக்கக் கல்வி என்பதோடு நின்றது. ஏழைக்குத் தொடக்கப் பள்ளி. உயர்நிலைப் பள்ளியோ அறக்கட்டளையிடமும் மிஷனரியிடமும் அரசிடமும், பெரும்பாலும் நகரின் நடுவிலே. எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும் உனக்கு. அதற்கு மேல் எதற்கு என்ற எண்ணம் அந்த ஏற்பாட்டுக்குள் பதுங்கிக் கிடந்தது.

அந்த எண்ணம் ஒருநாள் முகமூடியைக் கழற்றிவிட்டு வெளியே வந்தது. 1953! ஊர்ப்புறத் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகள் பாதிநேரம் படிக்கட்டும், மீதிநேரம் தகப்பன் தொழிலைப் பார்க்கட்டும் என்று இராசாசி திட்டம் தந்தார். குயவன் மகன் சக்கரத்தடியில், வண்ணான் மகன் துறையில், மீனவன் மகன் வலையடியில். குலக்கல்வி என்று நாடு அதற்குப் பெயர் சூட்டியது. பெரியார் எழுந்தார், 1953 சூலையில் மும்முனைப் போராட்டம் நடந்தது, தமிழகம் கொதித்தது. இராசாசி பதவி விலகினார், காமராசர் முதலமைச்சரானார், 1954 மே மாதம் அத்திட்டம் கைவிடப்பட்டது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் நிறப்பள்ளிகளுக்கு எதிராகத் தீர்ப்பளித்ததும் அதே 1954 மே மாதம் என்பதை எண்ணிப் பாருங்கள். உலகின் இரு கோடியில், ஒரே மாதத்தில், பிறப்பைக் காட்டிப் படிப்பைத் தடுக்கும் இரண்டு ஏற்பாடுகள் சரிந்தன! அதன் பின்னர்க் காமராசர் காலத்தில் கட்டணமில்லாக் கல்வி படிப்படியாக உயர்நிலைப் பள்ளி வரை ஏறியது. 1978-இல் மேல்நிலைக் கல்வி வந்து, ஏணிக்கு இரண்டு படிகள் கூடின.

அதே ஆண்டுகளில் எண்ணூர் எப்படி மாறியது? 1948-இல் அசோக் மோட்டார்ஸ் இங்கே தொழிற்சாலை தொடங்கியது. 1955-இல் அது அசோக் லேலண்டு ஆயிற்று. பக்கத்துத் திருவொற்றியூரில் என்ஃபீல்டு வந்தது; எம்.ஆர்.எஃப். வந்தது. 1970-இல் அனல் மின்நிலையம் வந்தது. 2017-இல் அது மூடப்பட்டுவிட்டது. 2001-இல் எண்ணூர்த் துறைமுகம் இயங்கத் தொடங்கியது. வந்தாரை எல்லாம் வாழவைத்தது இந்த மண். ஆனால் வந்த தொழிற்சாலையின் வாயிற்காவலன் கேட்டது என்ன? உன் தோள் வலிமையையா? இல்லை, சான்றிதழை! பத்தாவது தேறினாயா? ஐ.டி.ஐ. படித்தாயா? டிப்ளமோ உண்டா? இருந்தவன் உள்ளே போய் நிரந்தரத் தொழிலாளி ஆனான். இல்லாதவன் வெளியே நின்று ஒப்பந்தக்காரரின் நாட்கூலி ஆனான். மண் இவனுடையது, மதிலும் இவன் கட்டியது. மதிலுக்குள் மட்டும் இவனுக்கு இடமில்லை!

வேலையில்தான் பங்கு இல்லை, புகையில் உண்டு. கொசத்தலையாற்றிலே சாம்பற்சேறு கலந்தது. 2017 சனவரியில் கப்பல்கள் மோதி எண்ணெய் கரையெல்லாம் ஒட்டியது. 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணெய் முகத்துவாரத்தில் பரவியது. அதே டிசம்பர் 26 நள்ளிரவில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, தூக்கத்திலிருந்து எழுந்த மக்கள் மூச்சுத் திணறி ஓடினார்கள். நெட்டுக்குப்பமும் தாழங்குப்பமும் முகத்துவாரக்குப்பமும் காட்டுக்குப்பமும் ஆற்றையும் கடலையும் நம்பி வாழ்ந்தவை. அந்த ஆறும் கடலும் மெலிந்து வருகின்றன. 1953-இல் அப்பன் தொழிலுக்கே போ என்றார்கள், எதிர்த்தோம். இன்றோ, போக நினைத்தாலும் அப்பன் தொழில் அங்கே இருப்பதாக இல்லை. இந்தப் பிள்ளைக்கு உயர்நிலைப் பள்ளியைவிட வேறு எந்த ஏணி இருக்கிறது, சொல்லுங்கள்!

அந்த ஏணியை இந்த ஊருக்குச் சாத்தியவர்கள் மாநகராட்சியினர் அல்லர். ஏனென்றால் எண்ணூர் மாநகரின் எல்லைக்கல்லுக்கு வெளியே கிடந்தது. கத்திவாக்கம் தனி நகராட்சி. திருவொற்றியூர் தனி நகராட்சி. 2011-இல்தான் இரண்டும் சென்னை மாநகராட்சியோடு இணைந்தன. வரி இணைந்தது, வார்டு இணைந்தது, பள்ளி இணையவில்லை! இணைந்த பகுதிகளின் அரசுப் பள்ளிகள் 139-ஐ மாநகராட்சியிடம் ஒப்படைக்கப் பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று. அதுவரை இருந்த 281 பள்ளிகளோடு இந்த 139-உம் சேர்ந்து 420 ஆயின. எண்ணிக்கை பெருகிற்று, மகிழ்ச்சி. ஆனால் பெயர்ப்பலகை மாறினால் போதுமா? ஆய்வுக்கூடம் வந்ததா, கணித ஆசிரியர் வந்தாரா, பெண்பிள்ளைகளுக்குக் கழிவறையில் தண்ணீர் வந்ததா என்று ஒவ்வொரு பள்ளியிலும் போய்ப் பார்த்தால்தானே தெரியும்? பார்ப்பது யார் பொறுப்பு?

நம் வீட்டுக் கேள்வி

கூட்டத்துக்கு முன், இந்த ஊர்த் தோழர் ஒருவர் வீட்டில் தேநீர் அருந்தினேன். நாற்பதாண்டுக் கட்சிக்காரர். தெருமுனைக் கூட்டம் என்றால் மேசை தூக்குவது முதல் மைக் கழற்றுவது வரை அவர் கைதான். பேச்சு பிள்ளைகளைப் பற்றித் திரும்பியது.

"பேத்தி எங்கே படிக்கிறாள் அண்ணே?" என்றேன்.

கொஞ்சம் தயங்கினார். "இங்கிலீஷ் மீடியம் தோழர். பிரைவேட்லதான்."

"பக்கத்திலேயே நம்ம பள்ளி இருக்கிறதே?"

"இருக்குது. அதுல நம்ம பசங்க யாரு படிக்கிறாங்க சொல்லுங்க? வழி இல்லாதவன் பசங்கதான் போகுது. என் மருமவ சம்மதிக்கணுமே!"

அவரை நான் குறை சொல்லவில்லை. கடன் வாங்கிக் கட்டணம் கட்டும் அந்த வீட்டின் கவலை எனக்குத் தெரியும். வீட்டு நிலையால் கல்லூரிப் படியிலிருந்து பாதியில் இறங்கி நாடக மேடைக்கு வந்தவன் நான். ஏணியின் அருமை தெரியாதவன் அல்லன். ஆனால் அவர் சொன்ன ஒரு சொல் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. "வழி இல்லாதவன் பிள்ளைதான் போகிறது." 1838-இல் ஆண்டர்சன் பள்ளியிலிருந்து பிள்ளைகளைக் கையைப் பிடித்து இழுத்துச் சென்றார்களே, அவர்கள் சாதி சொல்லிப் போனார்கள். நாம் சாதி சொல்லவில்லை. தரம் என்கிறோம், ஆங்கிலம் என்கிறோம். நோக்கம் வேறுதான், ஒப்புகிறேன். ஆனால் பின்னே விடப்பட்ட பெஞ்சில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தீர்களா? அன்று உட்கார்ந்திருந்த அதே சேரிப் பிள்ளை, அதே குப்பத்துப் பிள்ளை!

பேசத் தெரிந்தவன் பிள்ளை வெளியேறினால், அந்தப் பள்ளிக்காகப் பேச ஆளில்லாமல் போகிறது. பேச ஆளில்லாத பள்ளியில் சுவர் விரிசல் விடும். ஆசிரியர் இடம் காலியாகக் கிடக்கும். பிறகு, பார்த்தாயா, பள்ளி சரியில்லை என்போம். மேடையிலே சமூகநீதி பேசிவிட்டு, வீட்டு வாசலில் ஆட்டோவில் பிள்ளையை ஏற்றித் தனியார் பள்ளிக்கு அனுப்பும் முரண்பாடு, எதிரியின் கையில் நாமே கொடுக்கும் ஆயுதமல்லவா?

எல்லோரும் நாளையே மாற்றிவிடுங்கள் என்று கட்டளையிட நான் யார்? அது தாய் தந்தையின் உரிமை. செய்யக்கூடியவற்றைச் சொல்கிறேன்.

2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. அதன் உறுப்பினர்களில் முக்கால் பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். அந்தக் குழுவில் நம் தோழர்களின் வீட்டுப் பெண்கள் இடம்பெறட்டும். கொடியோடு அல்ல, குறிப்பேட்டோடு போகட்டும். சமையற்கூடத்தைப் பார்க்கட்டும், வருகைப் பதிவேட்டைக் கேட்கட்டும்.

இன்னொன்று. அந்தச் சட்டத்தின் உரிமை பதினான்கு வயதோடு, எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஒன்பதாம் வகுப்பின் வாசலில் சட்டம் கையை விட்டுவிடுகிறது! சரியாக அந்த இடத்தில்தான் நம் பிள்ளை நழுவுகிறான். அந்த இடத்தில்தான் நம் பெண்ணுக்குத் தம்பியைப் பார்த்துக்கொள்ளும் வேலை வந்துசேருகிறது. ஆகவே ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு பட்டியல் எடுங்கள். வாக்காளர் பட்டியலை மனப்பாடமாகச் சொல்கிறோமே, அந்தத் திறமை இதற்கு உதவட்டும். எந்தக் குப்பத்தில், எந்தத் தெருவில், எந்தப் பிள்ளை எட்டாவதோடு நின்றது? ஏன் நின்றது? பேருந்து இல்லையா, காசு இல்லையா, தேற முடியவில்லையா? அந்தப் பிள்ளையைக் கையைப் பிடித்து ஒன்பதாம் வகுப்பில் உட்கார வைத்துவிட்டு வாருங்கள். அது ஒரு பொதுக்கூட்டத்துக்குச் சமம். இல்லை, பத்துப் பொதுக்கூட்டத்துக்குச் சமம்!

தோழர்களே! தியாகராயரிடம் அன்று கருவூலம் இல்லை, காவற்படை இல்லை. ஒரு மன்றமும், ஒரு தீர்மானமும், ஓரணாவும்தான் இருந்தன. நம்மிடம் அதைவிட மிகுதியாகவே இருக்கிறது. 420 பள்ளிகள் இருக்கின்றன. வரி ரசீது இருக்கிறது. குழுவில் இடம் இருக்கிறது. இந்த மைதானம் நிறைய நீங்கள் இருக்கிறீர்கள். வாசலை நம் பாட்டன் திறந்தான். வட்டிலை நம் தந்தை நிறைத்தான். ஏணியைத் தாங்கிப் பிடிக்கும் முறை நம்முடையது. கை நழுவாமல் பிடிப்போம். எண்ணூர்ப் பிள்ளை ஏறட்டும்!